சதுரங்க மேசையும் நம் பிள்ளைகளும்

தோட்டத்துப் பிள்ளைக்குப் பந்தும் ஓட்டமும் போதும்; மூளையால் ஆடும் ஆட்டம் பட்டணத்துப் பெரிய வீட்டாருக்கே உரியது என்று எண்ணுவோர் நம்மிடையே இன்னும் உளர். பீடோர்ப் பக்கத்துத் தோட்டமொன்றில் கிராணியாக இருக்கும் யான் இச்சொல்லைப் பலமுறை கேட்டதுண்டு. இதற்கு வாதத்தைவிடச் சரித்திரமே தக்க விடையாகும்.

மானுவேல் ஆரோன் என்னும் தமிழர் 1935 ஆம் ஆண்டில் பர்மாவின் டவுங்கூ நகரில் பிறந்தார், தமிழ்நாட்டில் வளர்ந்தார். நம் முன்னோரைப் போலவே அவருடைய குடும்பமும் கடல் கடந்து சென்ற குடும்பம். 1961 இல் சதுரங்கத்தில் சர்வதேச மாஸ்டர் பட்டம் பெற்ற முதல் இந்தியர் அவரே. மறு ஆண்டு சுவீடன் நாட்டு ஸ்டாக்ஹோமில், உலகப் பட்டத்திற்குப் போட்டியிடத் தக்கவரைத் தெரிந்தெடுக்கும் பந்தயம் கூடிற்று. ஆடியவர் 23 பேர். அத்தகைய சபையில் ஆரோன் அமர்ந்தது அதுவே முதல் முறை.

முடிவு யாது? அமெரிக்கரான பாபி ஃபிஷர் முதலிடம் பெற்றார். ஆரோன் கடைசி இடம் பெற்றார்.

இதைக் கொண்டு நகைப்பது எளிது. ஆனால் அதே பந்தயத்தில் ஹங்கேரியின் போர்ட்டிஷையும் கிழக்கு ஜெர்மனியின் ஊல்மனையும் அவர் வென்றார் என்பதை மறக்கலாகாது. இருவரும் உலகப் புகழ் வாய்ந்த கிராண்ட்மாஸ்டர்கள். மூளை குறைந்தவன் இவர்களை வெல்வானா? குறைந்திருந்தது பயிற்சியே. ருஷ்ய நாட்டு ஆட்டக்காரருக்கு ஆசான்களும் சங்கங்களும் நூல்களும் இருந்தன. அரசின் ஆதரவும் இருந்தது. இந்தியாவிலோ அன்று ஒரு கிராண்ட்மாஸ்டரும் இல்லை.

அக்குறையை நீக்க ஆரோன் முன்வந்தார். 1972 இல் சென்னைச் சோவியத் பண்பாட்டு மையத்தில், முன்னாள் உலகச் சாம்பியன் மிகைல் டால் பெயரால் ஒரு சதுரங்கச் சங்கம் தோன்றியது. சிறுவரும் பெரியவரும் ஒரே மேசையில் எதிரெதிரே அமர்ந்தனர். அங்கு ஆடி வளர்ந்த சிறுவருள் ஒருவரே விசுவநாதன் ஆனந்த். அவர் 1988 இல் இந்தியாவின் முதல் கிராண்ட்மாஸ்டரானார். 2000 இல் உலகப் பட்டமும் வென்றார். 2022 இல் மாமல்லபுரத்தில் கூடிய சதுரங்க ஒலிம்பியாடின் பொதுப் பிரிவில் பல நாட்டு அணிகள் ஆடின. 2024 இல் சென்னை இளைஞர் குகேஷ், நமக்கு அண்டையிலுள்ள சிங்கப்பூரில், 18 வயதில் உலகப் பட்டம் பெற்றார். கடைசி இடத்தில் நின்ற ஒருவர் திறந்த கதவின் வழியே எத்தனை பேர் சென்றனர், பாருங்கள்!

தோழர்களே, ஆட்டப் பலகை எவனையும் அவன் தகப்பன் செய்யும் வேலை யாதெனக் கேட்பதில்லை. பலகைக்குச் செல்லும் வழியில் நிற்போரே கேட்கின்றனர். ஆகவே வழியைச் சுருக்குவோம். லயத்துத் திண்ணையில் தாயமும் பல்லாங்குழியும் ஆடிய நம் பாட்டிமார் எண்ணிக்கையில் பிழைத்ததில்லை; அவர்தம் பேரருக்குக் கணக்கு வராதென்பது வீண்பேச்சு. ரப்பர் மரம் போய்ச் செம்பனை வந்து, லயத்தார் ஊருக்குக் குடிபெயர்ந்த இக்காலத்தில், ஞாயிறுதோறும் பொது மண்டபத்தில் நான்கு பலகைகள் விரித்தால் போதும். பெண் பிள்ளைகளையும் அமரச் செய்க.

அங்கிருந்து ஈப்போவுக்கோ கோலாலம்பூருக்கோ பந்தயத்திற்குச் செல்லும் முதற்பிள்ளை கடைசியாக வரக்கூடும். அன்று அவனை ஏளனம் செய்யாமல் மறு ஞாயிறும் மேசைக்கு அழைப்பதே நம் கடமை.