சிவப்புச் செங்கல்லும் லயத்துக் காம்பராவும்

நுவரெலியாவுக்குப் போறவங்க போட்டோ எடுக்காம வராத கட்டடம் அது. டவுன் நடுவில இருக்கிற தபால் நிலையம். 1894இல் ஆங்கிலேயர் கட்டியது. சிவப்புச் செங்கல் சுவர், செங்குத்தாகச் சரியும் கூரை, முக்கோண முகப்பு, கூர் உச்சியோட மணிக்கூடு.

1870கள் முதல் லண்டனில் சிவப்புச் செங்கல் வீடுகள் மறுபடி மவுசுக்கு வந்தன. வெள்ளைச் சாந்து பூசிய சுவர்கள் அவங்களுக்கே சலிச்சுப்போச்சு. செங்கல்லை மறைக்காமல் அப்படியே காட்டுவதுதான் அழகு என்றார்கள். அந்த ரசனை கப்பலேறி நம்ம மலைக்கும் வந்தது. கூரைச் சரிவைப் பாருங்க, ஏதோ பனி கொட்டுற ஊர் மாதிரி! இங்க உறைபனி படியும், அவ்வளவுதான். ஊர் ஏக்கத்தையும் சேர்த்துக் கட்டியிருக்காங்க.

கோப்பி அழிஞ்சு தேயிலை எழுந்த அதே காலத்தில் மலையில் இன்னொரு கட்டடமும் பெருகியது: லயம். பத்துக்குப் பன்னிரண்டு அடி காம்பரா, முன்னால ஒரு இஸ்தோப்பு, மேல தகரம். துரை பங்களாவில் கணப்புக்கும் புகைபோக்கி உண்டு. லயத்தில் அடுப்புப் புகை காம்பராவுக்குள்ளேயே சுத்தும். லயத்துச் சுவரில் ஏன் கரி படிஞ்சிருக்குன்னு இனி யாரும் கேக்காதீங்க.

இந்த இரண்டு கட்டடத்தையும் இணைத்தது கடிதம். தமிழ்நாட்டிலிருந்து வந்த கடிதம் டவுன் தபால் நிலையத்தைத் தாண்டினாலும் காம்பரா வாசலுக்கு நேரா வராது. கதவுக்கு இலக்கம் கிடையாது. தோட்டத்துப் பேர்தான் முகவரி. தோட்ட ஒபீஸுக்குப் போய், அங்கிருந்துதான் கைக்கு வரணும். பல தோட்டங்களில் இன்னைக்கும் இதே கதைதான். 1964 ஒப்பந்தத்துக்குப் பிறகு குடும்பங்கள் இரண்டு நாடாகப் பிரிஞ்சப்போ, அந்தக் கடிதம் எவ்வளவு பெரிய விஷயம்னு யோசிச்சுப் பாருங்க.

2023இல் அந்தத் தபால் நிலையத்தை ஹோட்டலுக்குக் கொடுக்கும் திட்டத்தை எதிர்த்து தபால் ஊழியர்கள் 48 மணிநேரம் வேலைநிறுத்தம் செய்தார்கள். மரபுச் சின்னம் என்று நாடே பேசியது. பேசியது சரிதான். அதே வருசம்தான் மலையக மக்கள் 200 வருச வரலாற்றைச் சொல்லித் தலைமன்னாரிலிருந்து மாத்தளைக்கு நடந்தார்கள். லயத்தை மரபுச் சின்னம்னு எத்தனை பேர் சொன்னாங்க?

லயத்தில் தொடர்ந்து வாழணும்னு யாரும் கேக்கல. இடிச்சிட்டு நல்ல வீடு கட்டட்டும். ஆனா சாட்சிக்கு ஒன்றிரண்டாவது நிக்கணும். கம்பளைக்குப் பக்கத்தில் பழைய லயம் ஒன்றையே தோட்டத் தொழிலாளர் அருங்காட்சியகமாக வைத்திருக்கிறார்கள். அடுத்த முறை நுவரெலியா ட்ரிப் போகும்போது, வழியில் அங்கேயும் இறங்கிப் பாருங்க.