தகப்பனின் கேடயம்

கிரேக்கத் துன்பியல் நாடகம் என்றாலே விதி, சாபம், தெய்வக் கோபம் என்றுதான் நானும் வாசித்துக்கொண்டிருந்தேன். அவை மேடையேறிய ஆண்டுகளைக் கவனித்த பிறகுதான், அடடா, இதெல்லாம் போருக்கு நடுவில் உட்கார்ந்து பார்த்த நாடகங்களாச்சே என்று உறைத்தது.

யூரிப்பிடிஸின் ‘ட்ராய் நகரப் பெண்கள்’ கி.மு. 415 வசந்தத்தில் ஏதென்ஸில் அரங்கேறியது. அதற்குச் சில மாதங்களுக்கு முன்புதான் மெலோஸ் என்ற சின்னத் தீவை ஏதென்ஸ் முற்றுகையிட்டுப் பிடித்திருந்தது. ஸ்பார்ட்டாவோடு நடந்த நீண்ட போரில் பணிந்துவர மறுத்து, ‘நாங்க யார் பக்கமும் இல்லை’ என்று சொன்னதுதான் அத்தீவின் குற்றம். பிடிபட்ட ஆண்களைக் கொன்றார்கள். பெண்களையும் பிள்ளைகளையும் அடிமைகளாக விற்றார்கள். துசிடிடிஸ் தன் வரலாற்றில் இதை ஓரிரு வரிகளில் சொல்லிவிட்டுப் போகிறார்.

யூரிப்பிடிஸ் மெலோஸை மனத்தில் வைத்துத்தான் எழுதினாரா என்பதில் ஆய்வாளர்கள் ஒத்துப்போவதில்லை. விழாவுக்கான நாடகங்கள் முன்கூட்டியே தேர்வாகிவிடும். ஆனால் என்னை உலுக்கியது வேறொன்று.

டயோனிசஸ் விழாவில் நாடகங்களுக்கு முன் ஒரு சடங்கு உண்டு. போரில் தகப்பனை இழந்து அரசின் செலவில் வளர்ந்த பையன்கள், வயது வந்ததும் முழுப் போர்க்கவசத்தோடு அரங்கில் வந்து நிற்பார்கள். ஊருக்கே அது பெருமை. அந்த அரங்கில்தான் யூரிப்பிடிஸ் இன்னொரு தகப்பனில்லாப் பிள்ளையைக் கொண்டுவருகிறார். ஹெக்டரின் மகன் அஸ்டியானாக்ஸ். வளர்ந்து பழிவாங்குவான் என்று பயந்து, கிரேக்கர்கள் அவனை மதிலிலிருந்து தள்ளிக் கொல்கிறார்கள். உடல் தகப்பனின் கேடயத்தில் பாட்டி ஹெகுபாவிடம் வந்து சேர்கிறது. சவப்பெட்டியும் அதுதான். ஆற்றில் அவன் காயங்களைக் கழுவிக் கொண்டுவந்தவன் எதிரியின் தூதுவன்.

கேடயத்தோடு நின்ற பையன்களைப் பார்த்துப் பூரித்த கூட்டம்தான், கேடயத்தின்மேல் கிடந்த இந்தப் பிள்ளையையும் பார்த்தது. கொன்றவர்களும் வேறு யாரோ இல்லை, கிரேக்கர்களே.

நாடகத்துக்கு இரண்டாம் பரிசு. அதே ஆண்டு கோடையில் ஏதென்ஸின் கப்பல்கள் சிசிலியைப் பிடிக்கக் கிளம்பின. கி.மு. 413இல் அந்தப் படை அழிந்தது. 411இல் ஊருக்குள்ளேயே சதி நடந்து, 400 பேர் கொண்ட குழு ஆட்சியைப் பறித்தது.

‘அப்புறம் நாடகம் போட்டு என்னதான் பிரயோஜனம்?’ என்று கேட்கலாம். எனக்கும் அந்தக் கேள்வி இருந்தது. நாடகம் எந்தக் கப்பலையும் நிறுத்தவில்லைதான். ஆனால் ஜெயித்த ஊர் தன் செலவில், தன் விழாவில், தோற்றவளின் ஒப்பாரியைக் கேட்டிருக்கிறது.

துசிடிடிஸின் வரலாற்றில் ஒரு மெலோஸ் பிள்ளையின் பெயர்கூட இல்லை. அஸ்டியானாக்ஸ் வயதில் அங்கே எத்தனை பேர் இருந்திருப்பார்கள் என்று யோசிக்காமல், இப்போதெல்லாம் அந்தக் காட்சியை என்னால் வாசிக்க முடிவதில்லை.