வருடை கண்ட வாழ்வு

கோபாலபுரத்துக்குத் தெற்கே எழும் ஆனைமலைத் தொடரில் வாழும் வரையாட்டையே நம் சங்கப் புலவர் 'வருடை' என்றனர். தேயிலைத் தோட்டம் வைக்க வந்த துரைமார் அதனைக் களிப்புக்காகச் சுட்டு வீழ்த்தினர். தொகை அருகவே அவர்களே காவலரும் ஆயினர்! நீலகிரியில் 1879-இல் வேட்டைச் சட்டம் வந்தது. மூணாற்று மலையில் வேட்டைச் சங்கத்தார் முதுவரைக் காவலுக்கு அமர்த்தினர். வரையாடு மேயும் வழி முதுவருக்குத் தெரியும், புகழோ துரைமாருக்கு. இந்நியாயம் நமக்கு விளங்கவில்லை.

1971-இல் கேரள அரசு கண்ணன் தேவன் குன்று நிலங்களைச் சட்டமியற்றி மீட்டது, உழவர்க்குப் பங்கிடுதற்பொருட்டு. நிலமற்றோர் பசியும் பொய்யன்று. எனினும் இரவிகுளத்துப் புல்மலை ஏருக்குத் தப்பியது. அது 1975-இல் சரணாலயமாகவும், 1978-இல் தேசியப் பூங்காவாகவும் ஆயிற்று. வரையாட்டைத் தன் மாநில விலங்காகக் கொண்ட தமிழக அரசும் 2022-இல் அதற்கெனத் தனித் திட்டம் அறிவித்தது.