ம்பிக்கா வழியாகப் போன ரயில்

1974 முதல் 1980 வரை நான் சாம்பியாவில், ம்பிக்கா என்ற ஊரில் கணக்கு வாத்தியாராக இருந்ததை முன்பே சில பதிவுகளில் எழுதியிருக்கிறேன். மூன்று வருட ஒப்பந்தம், இரண்டு முறை. சென்ற வாரம் காலை நடையின்போது நண்பர் ஒருவர், "ஆப்பிரிக்கா முழுக்க சீனாக்காரன் கடன் கொடுத்தே வளைச்சுப் போட்டுட்டானாமே, நீங்க அங்க இருந்தவர்தானே சார்?" என்று கேட்டார். ஆமாம் என்றோ இல்லை என்றோ ஒரே வார்த்தையில் சொல்ல எனக்கு வரவில்லை. நான் பார்க்கப் போடப்பட்ட ஒரு ரயில் பாதையின் கதை இது. அவருக்கும் சேர்த்து எழுதுகிறேன்.

சாம்பியா 1964 அக்டோபர் 24 அன்று சுதந்திரம் பெற்றது. முதல் ஜனாதிபதி கென்னத் கவுண்டா. கடல் இல்லாத நாடு. ஏற்றுமதி வருமானத்தில் நூற்றுக்குத் தொண்ணூறுக்கு மேல் செம்பு. அந்தச் செம்பு கடலுக்குப் போக வேண்டுமென்றால் தெற்கே ரொடீசியா வழியாகப் போக வேண்டும், இல்லையென்றால் மேற்கே போர்ச்சுகீசியர் ஆண்ட அங்கோலா வழியாக. 1965 நவம்பரில் ரொடீசியாவின் வெள்ளையர் அரசு, இயான் ஸ்மித் தலைமையில், பிரிட்டனை மீறித் தன்னிச்சையாகச் சுதந்திரப் பிரகடனம் செய்தது. கவுண்டாவின் நிலைமையை யோசித்துப் பாருங்கள். எந்த ஆட்சியை எதிர்க்கிறாரோ, அந்த ஆட்சியின் தண்டவாளத்தில்தான் தன் நாட்டின் சோறு போகிறது.

வடகிழக்கே தான்சானியாவின் தார் எஸ் சலாம் துறைமுகத்துக்கு ஒரு ரயில் பாதை போட்டால் பிழைக்கலாம். உலக வங்கியைக் கேட்டார்கள், கட்டுபடியாகாது என்றது. மேற்கு நாடுகளும் பிடி கொடுக்கவில்லை. அந்த நேரத்தில்தான் 1965 பிப்ரவரியில் தான்சானியாவின் ஜூலியஸ் நைரேரே பெய்ஜிங் போனார். (அவரை அங்கே 'ம்வாலிமு' என்பார்கள். சுவாஹிலியில் வாத்தியார் என்று அர்த்தம். நம்ம ஜாதி!) சீனா தான் போட்டுத் தருவதாகச் சொன்னது. 1967 செப்டம்பரில் மூன்று நாடுகளும் கையெழுத்திட்டன. 98.8 கோடி யுவான் கடன். வட்டி கிடையாது. முப்பது ஆண்டுகளில் திருப்பிக் கட்டினால் போதும்.

இதை இன்றைய சீனாவை மனதில் வைத்துப் படித்தால் புரியாது. அன்றைய சீனா பரம ஏழை நாடு, கலாச்சாரப் புரட்சியில் வேறு தத்தளித்துக்கொண்டிருந்தது. சாம்பியாவின் தலா வருமானம் அப்போது சீனாவினுடையதை விட அதிகம். கடன் கொடுத்தவன் வாங்கியவனை விட ஏழை.

ஏன் கொடுத்தார்கள்? தர்மத்துக்கு அல்ல. அப்போது ஐ.நா. சபையில் சீனாவின் நாற்காலியில் தைவான் உட்கார்ந்திருந்தது. அமெரிக்காவும் ரஷ்யாவும் இரண்டு பக்கமும் பகை. ஆப்பிரிக்காவில் புதிதாகச் சுதந்திரமடைந்த ஒவ்வொரு நாட்டுக்கும் ஒரு ஓட்டு உண்டு. 1971 அக்டோபர் 25 அன்று அந்த நாற்காலி பெய்ஜிங்குக்குக் கிடைத்தபோது ஆதரித்தவர்களில் 26 பேர் ஆப்பிரிக்க நாடுகள். தான்சானியாவின் பிரதிநிதி சலீம் அகமது சலீம் சபையிலேயே சந்தோஷத்தில் ஆடியது பெரிய செய்தியானது. ரயில் வேலை தொடங்கி அப்போது சரியாக ஒரு வருடம் ஆகியிருந்தது.

வேலை 1970 அக்டோபரில் தொடங்கியது. நீளம் 1,860 கிலோமீட்டர். 22 சுரங்கங்கள், முந்நூறுக்கும் மேல் பாலங்கள். கஷ்டமான இடம் தான்சானியாவில் ம்லிம்பாவிலிருந்து மகம்பாக்கோ வரை. மலைச் சரிவு, சேறு, மழை. வேலையில் இறந்த சீனர்கள் அறுபதுக்கும் மேல். தார் எஸ் சலாமுக்கு வெளியே அவர்களுக்கென்று ஒரு கல்லறைத் தோட்டம் இருக்கிறது. ஆப்பிரிக்கத் தொழிலாளர்களும் செத்தார்கள். அவர்கள் கணக்கை யாரும் அவ்வளவு அக்கறையாகச் சொல்வதில்லை.

நான் போய்ச் சேர்ந்தபோது சாம்பியா பக்கம் தண்டவாளம் போடும் வேலை மும்முரமாக நடந்துகொண்டிருந்தது. சீனர்கள் தனி முகாமில் இருந்தார்கள். குடும்பம் கிடையாது. எல்லோருக்கும் ஒரே மாதிரி உடுப்பு. யார் இன்ஜினியர், யார் கூலி என்று பார்த்துச் சொல்ல முடியாது. காலி நிலம் கண்ட இடத்தில் கீரையும் முட்டைக்கோஸும் போட்டுவிடுவார்கள். எங்களிடம் பேச மாட்டார்கள். எனக்கும் தயக்கம் உண்டு. 1962 சண்டையின்போது எனக்குப் பதினான்கு வயது. பாதுகாப்பு நிதிக்கு அம்மா தன் மோதிரத்தைக் கழற்றிக் கொடுத்தது மறக்கவில்லை. ஆனால் காலை ஆறு மணிக்கு அந்த ஆட்கள் வரிசையாக வேலைக்குப் போவதைப் பார்த்தால் பகையாக நினைக்கத் தோன்றாது. நம் ஊர்க் கேங்மேன்கள் நினைவுதான் வரும்.

கடையில் எல்லாம் சீனச் சாமான். எனாமல் தட்டு, தெர்மாஸ் பிளாஸ்க், டார்ச் லைட், சட்டைத் துணி. வேறு சரக்கு வராததால் அதைத்தான் வாங்குவோம். இதன் சூட்சுமம் எனக்குப் பல வருடம் கழித்துத்தான் தெரிந்தது. ரயில் வேலையின் உள்ளூர்ச் செலவுக்கு, அதாவது கூலிக்கும் சாப்பாட்டுக்கும், சீனா ரொக்கமாகப் பணம் தரவில்லை. அந்த மதிப்புக்குச் சாமான்களை அனுப்பியது. அவற்றைக் கடைகளில் விற்று வந்த பணத்தில்தான் கூலி கொடுத்தார்கள். நான் வாங்கிய எனாமல் கிண்ணத்தின் விலையும் ஏதோ ஒரு ஸ்லீப்பர் கட்டையில் போய்ச் சேர்ந்திருக்கிறது. உள்ளூர் மக்களுக்கு இதில் ஒரு மனக்குறை உண்டு. வேறு நல்ல சரக்கை வாங்க வழியில்லாமல் இதைத் தலையில் கட்டுகிறார்கள் என்பார்கள். அதிலும் நியாயம் இருந்தது.

1975-ல் தண்டவாளம் கப்பிரி ம்போஷியைத் தொட்டது. 1976 ஜூலை 14 அன்று முறைப்படி ஒப்படைத்தார்கள். சொன்ன கெடுவுக்கு முன்பே முடித்துவிட்டார்கள். ஊரில் அதை 'உஹுரு' ரயில் என்றார்கள், சுதந்திர ரயில். நானும் குடும்பத்தோடு தார் எஸ் சலாம் வரை அதில் போயிருக்கிறேன். செலூஸ் காட்டுக்குள் வண்டி போகும்போது ஜன்னலோரம் ஒட்டகச்சிவிங்கி நிற்கும். பிள்ளைகள் தூங்கவே இல்லை.

கதை இங்கே முடிந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

பாதை முடிகிற சமயத்தில் செம்பு விலை விழுந்துவிட்டது. 1974 நடுவில் உச்சத்தில் இருந்தது, அடுத்த வருடம் பாதாளம். நாட்டில் பணம் இல்லை. சீன டீசல் என்ஜின்கள் மலை ஏறத் திணறின. உதிரி பாகம் வர மாதக்கணக்கில் ஆகும். தார் துறைமுகத்தில் சரக்கு மலையாகக் குவிந்தது. 1978-ல் விதைப்புக்கு முன் வர வேண்டிய உரம் வந்து சேரவில்லை. உரம் இல்லாமல் மக்காச்சோளம் இல்லை, மக்காச்சோளம் இல்லாமல் அங்கே சாப்பாடே இல்லை. 1973 முதல் மூடியிருந்த தெற்கு எல்லை வழியை அந்த அக்டோபரில் கவுண்டா மறுபடி திறந்தார். எந்த ரொடீசியாவிடமிருந்து தப்பிக்க ரயில் போட்டாரோ அதே ரொடீசியா வழி. ஸ்டாஃப் ரூமில் அன்று யாரும் பேசவில்லை. சக ஆசிரியர் ஒருவர் ரேடியோவை நிறுத்திவிட்டு வகுப்புக்குப் போய்விட்டார்.

மறு வருடம் அக்டோபரில் ரொடீசியப் படையினர் எங்களுக்கு வடக்கே சாம்பேஷி ஆற்று ரயில் பாலத்தை வெடி வைத்துத் தகர்த்தார்கள். ஒப்பந்தம் முடிந்து நான் கிளம்பும்போது எண்ணெய், சோப்புக்குக்கூட வரிசை.

பிறகு நடந்ததெல்லாம் படித்துத் தெரிந்துகொண்டது. 1980-களில் ஜெர்மனியிலிருந்து என்ஜின் வாங்கினார்கள். சீன நிபுணர்களை மறுபடி வரவழைத்து நிர்வாகத்தில் உட்கார வைத்தார்கள். வருடத்துக்கு 20 லட்சம் டன் என்று திட்டமிட்ட பாதை ஒருநாளும் அதை எட்டவில்லை. ஜிம்பாப்வே பிறந்தது, தென் ஆப்பிரிக்காவில் நிறவெறி ஆட்சி ஒழிந்தது. நல்ல காரியங்கள்தான், ஆனால் தெற்கு வழி திறந்ததும் சரக்கு லாரியில் ஏறிவிட்டது. 2014-15-ல் இந்த ரயில் ஏற்றிய சரக்கு ஒரு லட்சம் டன்கூட இல்லை.

அதனால் நண்பரிடம் நான் சொன்னது இதுதான். வட்டியே இல்லாத கடன். அதில் ஒரு பகுதியை சீனா பின்னால் தள்ளுபடியும் செய்தது. அப்படியும் ரயில் நொடித்தது. நொடித்தது கடனால் அல்ல. என்ஜினைப் பராமரிக்கவும், உதிரி பாகம் வாங்கவும், சரக்கைத் தேடிப் பிடிக்கவும் வருடா வருடம் வேண்டிய பணத்தையும் ஆளையும் யாரும் ஏற்பாடு செய்யாததால்.

இன்றைய சீனா அந்தப் பழைய சீனா அல்ல, அதையும் சொல்ல வேண்டும். 2000-ல் சீன-ஆப்பிரிக்க மாநாடு என்று ஆரம்பித்தார்கள். 2009-ல் அமெரிக்காவை முந்தி ஆப்பிரிக்காவின் முதல் வர்த்தகக் கூட்டாளி ஆனார்கள். இப்போது தருவதில் பெரும்பகுதி வட்டிக் கடன். சாம்பியாவின் சாம்பிஷி செம்புச் சுரங்கத்தை 1998-ல் ஒரு சீனக் கம்பெனி வாங்கியது. 2005-ல் அங்கே வெடிமருந்துத் தொழிற்சாலையில் நடந்த விபத்தில் ஐம்பது பேர் அளவில் செத்தார்கள், எல்லாம் சாம்பியர்கள். அடுத்த வருடத் தேர்தலில் மைக்கேல் சாட்டா சீனர்களை எதிர்த்தே பிரச்சாரம் செய்தார். தோற்றார். 2011-ல் ஜெயித்த பிறகு அவரும் சீனர்களை அனுப்பிவிடவில்லை.

2020 நவம்பரில் சாம்பியா கடன் கட்ட முடியாமல் கை விரித்தது. கட்டத் தவறிய தவணை சீனாவுடையது அல்ல, மேற்கத்திய முதலீட்டாளர்கள் வாங்கிய பத்திரங்களுடையது. ஆனால் நாடுகளில் பெரிய கடன்காரர் சீனாதான். 2023 ஜூனில் 630 கோடி டாலர் கடனைத் திருத்தி அமைத்தார்கள். அதில் சுமார் 410 கோடி ஒரே ஒரு சீன வங்கியுடையது. கவுண்டா காலத்தில் இப்படி ஒரு கணக்கை யாரும் நினைத்திருக்க மாட்டார்கள்.

நம் ரயிலுக்கும் இப்போது ஆள் வந்திருக்கிறார்கள். 2024 செப்டம்பரில் பெய்ஜிங்கில் மூன்று நாட்டுத் தலைவர்கள் முன்னிலையில் பேச்சு முடிந்தது. 2025 செப்டம்பரில் லுசாக்காவில் ஒப்பந்தம். ஒரு சீன அரசுக் கம்பெனி 140 கோடி டாலர் போட்டுப் பாதையைப் புதுப்பித்து முப்பது வருடம் நடத்தும். அந்தக் கம்பெனியே இந்தப் பாதையைப் போட்ட ரயில்வே அமைச்சகப் பிரிவிலிருந்து உருவானதுதான். தாத்தா ஓசியில் போட்டுக் கொடுத்ததைப் பேரன் குத்தகைக்கு எடுக்கிறான். மேற்கே அங்கோலாவின் லொபிட்டோ பாதைக்கு அமெரிக்கா பணம் போடுகிறது. அறுபது வருடத்துக்கு முன் இருந்த அதே இரண்டு வாசல், அதே செம்பு.

ம்பிக்காவில் இந்த ரயிலின் பெரிய பணிமனையும் பயிற்சி நிலையமும் உண்டு. என்னிடம் கணக்குப் படித்தவர்களில் சிலர் அங்கே ஃபிட்டர்களாகச் சேர்ந்தார்கள். இப்போது அறுபதைத் தாண்டியிருப்பார்கள். புது ஒப்பந்தத்தில் அந்தப் பயிற்சி நிலையத்துக்கு எத்தனை பையன்களை எடுக்கிறார்கள் என்பதைத்தான் நான் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.