வழுக்கும் கையும் ஒரு சிவப்புத் தண்ணியும்

போன தடவை ஜி.எஸ்.டி. பற்றி எழுதி பாதிப்பேரைத் தூங்க வைத்துவிட்டேன் என்று நண்பர்கள் திட்டினார்கள். அதனால் இந்த முறை கணக்கு வழக்கு கொஞ்சம்தான். விஷயம் வேர்வை. அதுவும் உள்ளங்கை வேர்வை.

பெங்களூரில் வேலை பார்க்கும் என் பெரியம்மா பொண்ணு திடீரென்று ஒரு நாள் போன் செய்தாள். "ஏன்டா, உனக்குக் கை வேர்க்குமே, அதுக்கு நீ என்ன பண்ற?" என்றாள். எதுக்குக்கா என்றால், போல் டான்ஸ் வகுப்பில் சேர்ந்திருக்கிறாளாம். (பெரியம்மாவுக்குத் தெரியாது. நீங்களும் சொல்லிவிடாதீர்கள் :-)) இரும்புக் கம்பத்தைப் பிடித்து ஏறினால் பாதியில் கை வழுக்கி, சர்ரென்று கீழே வந்துவிடுகிறாளாம். மற்ற பெண்கள் எல்லாம் தலைகீழாகத் தொங்கும்போது இவள் மட்டும் தரையில்.

எனக்கு இதில் பெரிய அனுபவம் உண்டு. கம்பத்தில் இல்லை, பரீட்சை ஹாலில்! காஸ்ட் அக்கவுண்டிங் பேப்பர் எழுதும்போது கைக்கு அடியில் கர்ச்சீப் வைக்காவிட்டால் விடைத்தாள் ஈரமாகி, மை பரவி, டெபிட் எது கிரெடிட் எது என்று திருத்துகிறவருக்கே தெரியாது. ஒரு தடவை மேற்பார்வைக்கு வந்தவர் கர்ச்சீப்பில் பிட் இருக்கிறதா என்று மூன்று முறை உதறிப் பார்த்தார். புதிதாக யாராவது கை கொடுக்க வந்தால் அவசரமாகக் கும்பிடு போட்டுவிடுவேன். 'எவ்வளவு மரியாதையான பையன்' என்று பெயர் வேறு.

சரி, கதைக்கு வருவோம். அக்கா கேட்டதற்குப் பதில் தேடப்போய் ஒரு சரித்திரமே கிடைத்தது.

முதலில், உள்ளங்கை ஏன் வேர்க்கிறது? வெயிலுக்கு உடம்பு வேர்ப்பது வேறு, உள்ளங்கை வேர்ப்பது வேறு. உள்ளங்கையிலும் பாதத்திலும் வியர்வைச் சுரப்பிகள் நெருக்கமாக இருக்கின்றன. அவை வெப்பத்தைவிடப் பயத்துக்கும் பதற்றத்துக்கும்தான் அதிகம் கட்டுப்படுகின்றன. லேசான ஈரம் பிடிப்புக்கு நல்லதுதான். ரூபாய் நோட்டு எண்ணுகிறவர்கள் விரலை நனைத்துக்கொள்வது அதனால்தானே. ஆனால் அளவு மீறினால் அதே ஈரம் வழுக்கும். வழுக்குமோ என்ற பயம், பயத்தில் வேர்வை, வேர்வையில் வழுக்கல்... இந்த வட்டத்தில்தான் அக்கா மாட்டியிருந்தாள்.

கம்பத்தில் ஏறுவது நம் நாட்டுக்குப் புதிதில்லை. மல்லகம்பம் இருக்கிறது. 12-ஆம் நூற்றாண்டில் சாளுக்கிய அரசன் மூன்றாம் சோமேஸ்வரன் தொகுத்த 'மானசோல்லாச'த்திலேயே மல்லர்கள் பயிற்சி செய்யும் கம்பம் பற்றிய குறிப்பு வருகிறது. பிறகு மங்கிப்போன அந்தக் கலைக்கு இரண்டாம் பாஜிராவ் பேஷ்வா காலத்தில் (1796-1818) மறுபடி உயிர் கொடுத்தவர் பாலம்பட்ட தாதா தேவதர். இன்று நம்ம விழுப்புரம் பக்கமும் பிள்ளைகள் மல்லகம்பம் ஏறுகிறார்கள்.

இதில் வேடிக்கை என்னவென்றால், மல்லகம்பத்தில் கதையே வேறு. தலைகீழாக, கம்பத்துக்கே விளக்கெண்ணெய் பூசுகிறார்கள்! கம்பம் மரம். வேகமாக உடம்பைச் சுழற்றும்போது உராய்ந்து தோல் வழண்டுவிடாமல் இருக்க எண்ணெய். பிடிப்பு உள்ளங்கையில் மட்டும் இல்லை. தொடை, அக்குள், முழங்கால் மடிப்பு, கால் பெருவிரல் என்று முழு உடம்பும் கம்பத்தை இறுக்குகிறது. இரும்புக் கம்பத்தில் இந்த எண்ணெய் வேலை எல்லாம் நடக்காது. உலோகத்தில் வெறும் தோல்தான் பிடிக்கும், துணி வழுக்கும். போல் டான்ஸ்காரர்கள் அரைக்கால் சட்டை போடுவதற்கு முக்கியக் காரணமே இதுதான். பார்க்கிறவர்கள்தான் வேறு காரணம் கற்பித்துக்கொள்கிறார்கள்.

ஜிம்னாஸ்டிக்ஸ்காரர்கள் கையில் வெள்ளைப் பொடி பூசுவதைப் பார்த்திருப்பீர்கள். அது நம்ம வகுப்பறை சாக்பீஸ் இல்லை, மக்னீசியம் கார்பனேட். 1750-களில் ஜோசப் பிளாக் என்ற ஸ்காட்லாந்துக்காரர் இந்த வெள்ளை மக்னீசியாவை ஆராயப்போய்த்தான் இன்று நாம் கார்பன் டை ஆக்சைடு என்று சொல்லும் வாயுவை இனம்கண்டார். அதே பொடியை 1950-களில் பாறை ஏறுவதற்குக் கொண்டுபோனவர் அமெரிக்கரான ஜான் கில். ஜிம்னாஸ்டிக்ஸ் பழகியவர், பின்னாளில் கணிதப் பேராசிரியர். ஆனால் பொடி வந்த வேர்வையை உறிஞ்சுமே தவிர, வேர்வையை வராமல் நிறுத்தாது.

நிறுத்துகிற சரக்கு எங்கிருந்து வந்தது? இங்கேதான் ஒரு பள்ளிக்கூடப் பெண் வருகிறாள். எங்கள் மார்க்கெட்டிங் பாடப் புத்தகத்தில் இந்தக் கதை இல்லாதது பெரிய குறை.

அமெரிக்காவில் சின்சினாட்டி நகரம், 1910 வாக்கில். அங்கே ஓர் அறுவை சிகிச்சை மருத்துவர். ஆபரேஷன் செய்யும்போது அவருக்குக் கை வேர்க்கும். குளிர்சாதனம் இல்லாத காலம். கையில் கத்தி. என் விடைத்தாள் நனைந்தால் மார்க்தான் போகும், அவர் கை வழுக்கினால்? அதனால் அலுமினியம் குளோரைடை வைத்து ஒரு திரவம் தயாரித்துக் கையில் பூசிக்கொண்டார். அலுமினிய உப்பு வியர்வைக் குழாயின் வாயை அடைத்துக்கொள்ளும். வேர்வை வெளியே வராது.

அவருடைய மகள் எட்னா மர்ஃபி அப்போது உயர்நிலைப் பள்ளி மாணவி. அப்பாவின் தண்ணியைக் கையில் பூசுவதை விட்டு அக்குளில் பூசிப் பார்த்தாள். வேலை செய்தது. 'ஓடோரோனோ' என்று பெயர் வைத்தாள். தாத்தாவிடம் 150 டாலர் கடன் வாங்கி, ஒரு சின்ன இடத்தை வாடகைக்குப் பிடித்து, வீடு வீடாக விற்கப் பெண்களை அனுப்பினாள். விற்கவில்லை. வாடகை கட்ட முடியாமல் வீட்டு நிலவறைக்கே ஆபீஸ் திரும்பி வந்தது. மருந்துக்கடைக்காரர்கள் பாட்டிலைத் திருப்பி அனுப்பினார்கள். வேர்வையைப் பற்றிப் பேசுவதே அநாகரிகம் என்று நினைத்த காலம் அது.

1912 கோடையில் அட்லாண்டிக் சிட்டியில் ஒரு கண்காட்சி. எட்னா அங்கே கடை போட்டாள். ஆரம்பத்தில் ஒன்றும் போகவில்லை. செலவைச் சமாளிக்க, விற்பனைக்கு நின்ற பெண் 'கோல்டு கிரீம் அனுப்பு' என்று தந்தி அடித்தாராம். ஆனால் கோடை முழுக்க நடந்த கண்காட்சி. வெயில் ஏற ஏற வியாபாரமும் ஏறியது. கடைசியில் 30,000 டாலர் விற்பனை! கடன் வாங்கிய 150 டாலரோடு ஒப்பிட்டால் 200 மடங்கு. (லாபம் இல்லை, விற்பனை. குழப்பிக்கொள்ளக் கூடாது, அதற்குத்தான் பி.காம். படிக்கிறோம்.)

அந்தச் சரக்கு ஒன்றும் சொகுசானது இல்லை. சிவப்பு நிறம், அமிலக் கரைசல். தோல் எரியும், துணியைக் கெடுக்கும். அதை விற்கவே எட்னா விளம்பரக்காரர் ஒருவரைப் பிடித்தாள். ஜே. வால்டர் தாம்சன் நிறுவனத்தின் ஜேம்ஸ் வெப் யங். முன்பு வீடு வீடாக பைபிள் விற்றவர். முதலில் 'இது ஒரு டாக்டர் கண்டுபிடித்தது, அதிக வேர்வை ஒரு உபாதை' என்று நேர்மையாகத்தான் விளம்பரம் செய்தார். விற்பனை ஏறி, பிறகு நின்றுவிட்டது. கருத்துக்கணிப்பு எடுத்தால், எல்லாப் பெண்களுக்கும் ஓடோரோனோவைத் தெரிந்திருந்தது. ஆனால் மூன்றில் இரண்டு பங்கினர் 'எங்களுக்கு அது தேவையில்லை' என்றார்கள்.

தேவை இல்லையா? உண்டாக்கிவிட்டால் போச்சு! 1919-இல் ஒரு பெண்கள் பத்திரிகையில் யங் புது விளம்பரம் போட்டார். சாராம்சம் இதுதான்: உன் மேல் வாடை வீசும், உனக்கே அது தெரியாது, யாரும் உன்னிடம் சொல்லமாட்டார்கள், முதுகுக்குப் பின்னால் பேசுவார்கள். சுமார் 200 வாசகர்கள் கோபத்தில் சந்தாவை ரத்து செய்தார்கள். யங்குக்குத் தெரிந்த பெண்கள் அவரோடு பேசுவதையே நிறுத்தினார்கள். ஆனால் விற்பனை 112 சதவீதம் எகிறி, 1920-இல் 4,17,000 டாலரைத் தொட்டது. 1927-இல் பத்து லட்சம் டாலர். 1929-இல் எட்னா கம்பெனியை விற்றுவிட்டாள்.

இதைப் படித்தபோது எனக்கு இரண்டு மனசு. 150 டாலரோடு இறங்கிய அந்தப் பெண்ணின் தைரியத்தைப் பாராட்டாமல் இருக்க முடியவில்லை. ஆனால் அப்பாவுக்கு இருந்தது ஒரு நிஜமான பிரச்சினை. அவர் அதற்கு வெட்கப்படவில்லை, ஒரு மருந்து செய்தார், அவ்வளவுதான். பத்து வருஷத்துக்குள் அதே மருந்து, இல்லாத வெட்கத்தை ஊர் முழுக்க விதைத்து விற்கப்பட்டது. கை வேர்த்தவன் கதை அதில் காணாமலே போய்விட்டது. நான் கை கொடுக்காமல் கும்பிடு போட்டுத் தப்பிப்பதும், யாரோ எனக்கு விற்ற வெட்கம்தானோ?

ஆனால் சரித்திரம் ஒரு சுற்று சுற்றித் திரும்ப வந்திருக்கிறது. கிளப்புகளில் இருந்த போல் டான்ஸ் 1990-களில் உடற்பயிற்சி வகுப்பாக மாறத் தொடங்கியது. 2017-இல் அப்போதிருந்த சர்வதேச விளையாட்டுக் கூட்டமைப்புகளின் சங்கம் அதற்குப் பார்வையாளர் தகுதி கொடுத்தது. கை வேர்க்கும் ஆட்டக்காரர்களில் பலர் இன்று தேடிப்போவது எதை? பழைய அலுமினியம் குளோரைடைத்தான். டாக்டர்களும் அதிகக் கை வேர்வைக்கு வழக்கமாக முதலில் கொடுப்பது அதுதான். அக்குளுக்குப் போன மருந்து நூறு வருஷம் கழித்து உள்ளங்கைக்கே வந்துவிட்டது.

அக்காவுக்கு நான் சொன்னது இவ்வளவுதான். தோல் டாக்டரைப் பார். அவர் அந்தக் கரைசலைக் கொடுத்தால் ராத்திரி, கை நன்றாகக் காய்ந்தபிறகு பூசு. வேர்வை குறைவாக இருக்கும் நேரத்தில்தான் அது உள்ளே இறங்கும். வகுப்புக்குக் கிளம்பும்போது பூசிப் பிரயோஜனம் இல்லை. அன்று கைக்கு மாய்ஸ்சரைசர் வேண்டாம். ஏறுவதற்கு முன் கம்பத்தை ஸ்பிரிட் தொட்டுத் துடை. பித்தளைக் கம்பம் இருந்தால் கேட்டு வாங்கு, ஸ்டெயின்லெஸ் ஸ்டீலைவிட வேர்வைக் கைக்கு அது நன்றாகப் பிடிக்கும். முக்கியமாக, கீழே மெத்தை இல்லாமல் ஏறாதே.

மூன்று வாரம் கழித்துப் போன் வந்தது. "பாதி கம்பம் வந்துட்டேன்டா. ஆனா யாராவது பாத்துட்டு நின்னா இன்னும் வேர்க்குது." முழு வெற்றி இல்லை. பரவாயில்லை, முன்பு தரையில்தானே இருந்தாள்!

அப்புறம் ஒரு கேள்வி கேட்டாள் பாருங்கள். "எனக்கு இவ்ளோ சொல்றியே, நீ டாக்டர்கிட்ட போனியா?"

போகவில்லை. இத்தனை வருஷமாகப் போகவில்லை. அடுத்த மாதம் கேம்பஸ் இன்டர்வியூ. இந்த சனிக்கிழமை டாக்டரிடம் டோக்கன் போட்டிருக்கிறேன். அதற்குள் குணமாகாவிட்டாலும் இந்த முறை கும்பிடு கிடையாது. கர்ச்சீப்பில் கையைத் துடைத்துவிட்டு, 'சார், எனக்குக் கை வேர்க்கும்' என்று சொல்லிவிட்டே கை கொடுக்கப் போகிறேன்.

சரி, கிளம்புகிறேன். நாளைக்கு ஆடிட்டிங் டெஸ்ட். இரண்டு கர்ச்சீப் துவைத்துப் போடணும் :-)