வெளிச்சம் எங்கிருந்து வந்தது?



போன வாரம் பழைய மாணவர் ஒருவர் ஒரு வீடியோ அனுப்பி, "சார், ராத்திரி வானத்தில் மணிமாலை மாதிரி வரிசையாகப் போகிறதே, என்ன சார் இது?" என்று கேட்டிருந்தார். அது ஸ்டார்லிங்க் செயற்கைக்கோள் வரிசை. 2019 மே மாதம் ஒரே ராக்கெட்டில் 60 கோள்கள் ஏவப்பட்டது முதல் உலகமெங்கும் இதே கேள்விதான். பதில் எழுதும்போது இங்கிலாந்து வாத்தியார் ஒருவர் நினைவுக்கு வந்தார்.

கெட்டரிங் என்ற ஊரின் கிராமர் பள்ளியில் ஜெஃப்ரி பெர்ரி இயற்பியல் ஆசிரியர். வேதியியல் ஆசிரியர் டெரக் ஸ்லேட்டர் வானொலி ஆர்வலர். இருவரும் பிள்ளைகளோடு சேர்ந்து சோவியத் செயற்கைக்கோள்களின் சமிக்ஞைகளைக் கேட்டு வந்தார்கள். நெருங்கி வரும் ரயிலின் கூவல் கீச்சென்றும், கடந்தபின் தணிந்தும் கேட்கிறதல்லவா? அதுதான் டாப்ளர் விளைவு. அதே கணக்கு செயற்கைக்கோளுக்கும் பொருந்தும்.

1966 மார்ச் 17-இல் ஏவப்பட்ட காஸ்மாஸ் 112-இன் பாதை, பைக்கானூரிலிருந்து வழக்கமாகப் போகும் கோள்களின் பாதையோடு ஒத்துப்போகவில்லை. அக்டோபரில் காஸ்மாஸ் 129 போனது. இரண்டின் பாதைகளையும் பின்னோக்கி வரைந்தார்கள். கோடுகள் வட ரஷ்யாவில் பிளெசெட்ஸ்க் அருகே சந்தித்தன. அங்கே ஓர் ஏவுதளம்! அமெரிக்க உளவுத்துறைக்கு முன்பே தெரிந்த ரகசியம்தான்; ஆனால் உலகத்துக்குச் சொன்னது ஒரு பள்ளிக்கூடம்.

சோவியத் அரசோ 1983 வரை அதை ஒப்புக்கொள்ளவில்லை. அதனால் விளைந்ததைப் பாருங்கள். 1977 செப்டம்பர் 20 அதிகாலை, பெட்ரோசாவோட்ஸ்க் நகர வானில் ஜெல்லிமீன் போல ஒரு பெரிய ஒளி கதிர்களை வீசியபடி தோன்றியது. ஜனங்கள் திகைத்துப் போனார்கள். வேற்றுக்கிரகக் கப்பல் என்றுகூடப் பேச்சு பரவியது. உண்மையில் அதே நேரத்தில் பிளெசெட்ஸ்கிலிருந்து காஸ்மாஸ் 955 கிளம்பியிருந்தது. கீழே இருட்டு, உயரத்தில் ராக்கெட் புகைமேல் சூரிய ஒளி. இல்லாத ஏவுதளத்திலிருந்து ராக்கெட் போனது என்று எப்படிச் சொல்வார்கள்? மறைத்த இடத்தில் மர்மம் முளைத்தது.

இதை எழுதும்போது எனக்கே குற்ற உணர்வு. பல ஆண்டுகளுக்கு முன் ஐந்தாம் வகுப்புப் பையன் ஒருவன், "சார், நேற்று ஒரு நட்சத்திரம் நடந்து போய் நடுவானத்தில் மறைந்துவிட்டது" என்றான். "ஏரோப்பிளேனாக இருக்கும், உட்கார்" என்றேன். வகுப்பே சிரித்தது. அவன் பார்த்தது செயற்கைக்கோள். விமானம் சிவப்பு, பச்சை விளக்கோடு மின்னும். செயற்கைக்கோள் பெரும்பாலும் மின்னாமல் சீராக நகரும். பூமியின் நிழலுக்குள் நுழைந்ததும் மங்கி மறையும். அவன் சரியாகத்தான் பார்த்திருக்கிறான்.

தம்பி, நீ இதைப் படித்தால் இந்த வாத்தியாரை மன்னித்துவிடு. உன் பிள்ளை வானத்தைக் காட்டி ஏதாவது கேட்டால் உட்காரச் சொல்லாதே. கூடவே எழுந்து போய்ப் பார்.

அன்புடன்,
உங்கள் சார்