கணையப் புற்றுநோய்: காலத்தோடு ஒரு போராட்டம்

எமது பாடநூல்களில் சதையி எனப்பட்ட கணையம், இரைப்பைக்குப் பின்னால் மறைந்திருக்கும் உறுப்பு. அதிலே தோன்றும் புற்றுநோய் பெரும்பாலும் காலந்தாழ்த்தியே வெளிப்படுகிறது. அந்நோயின் மருத்துவ வரலாற்றில் நான் காண்பது, காலத்தோடு மனிதர் நடத்திவரும் போராட்டமே.

1935 இல் நியூயோர்க் சத்திரசிகிச்சை நிபுணர் அலன் விப்பிள், கணையத்தின் தலைப்பகுதியை முன்சிறுகுடலுடன் அகற்றும் முறையை அறிவித்தார். கத்தி எட்டாத முற்றிய நோயாளருக்கு நான்கு மருந்துகளைச் சேர்த்துக் கொடுத்த பிரான்சிய ஆய்வு 2011 இல் வெளியாயிற்று. இடைநிலை ஆயுள் 6.8 மாதங்களிலிருந்து 11.1 மாதங்களாக உயர்ந்தது. 2023 இல் வெளியான நியூயோர்க் ஆய்வில், அவரவர் கட்டிக்கேற்பத் தயாரித்த எம்ஆர்என்ஏ தடுப்பூசியைப் பெற்ற 16 பேரில் 8 பேருடைய நோயெதிர்ப்புக் கலங்கள் புற்றுநோயை இனங்கண்டன.

ஆனால், அந்தப் 16 பேரும் முதலில் சத்திரசிகிச்சைக்கு உட்பட்டவர்களே. ஐந்து நோயாளரில் ஏறத்தாழ நால்வருக்கு அவ்வாய்ப்பே கிடைப்பதில்லை. நோயை வேளைக்கே காட்டித்தரும் பரிசோதனை வரும்வரை, விப்பிளின் கத்தி சிலருக்கே பயன்படும்.